இரண்டு பேருக்கு ஒரு படுக்கை

ஜெர்மனியின் கீல் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் என்னோடு வேலை செய்த தச்சர் ஒக்கோவுக்கு, நீர்மூழ்கிகளில் படுக்கை அடித்தே முதுகு போய்விட்டது. ஐம்பது பேருக்கு இருபத்தைந்து படுக்கை. ஒருவன் காவலுக்கு எழுந்தால் இன்னொருவன் படுக்கலாம். வரைபடம் போட்ட துரைகள் அதில் படுத்ததில்லை.

தங்கள் நீர்மூழ்கிப் படகு உருவாவதைப் பார்க்க வழக்கம்போல மாலுமிகள் வந்தார்கள். எவால்ட் என்பவன் ஒக்கோ அடித்த படுக்கையைப் பார்த்து முகம் சுளித்தான். "அடுத்தவன் வேர்வையிலயா படுக்கணும், பெரியவரே?"

"இன்னொண்ணு அடிச்சா இடமேது? டார்பிடோ குண்ட மடியில வச்சுக்கிறியா?" என்றார் ஒக்கோ.

முதல் பயணத்திலேயே, எவால்டோடு படுக்கையைப் பகிர்ந்தவனை மேல்தளக் காவலில் அலை கொண்டுபோனது. படகு பழுதுபார்க்க வந்தபோது எவால்ட் ஒக்கோவைத் தேடி வந்தான்.

"இப்ப முழுசும் உனக்குத்தானே," என்றார் ஒக்கோ.

"ஆமா. போய்ப் படுத்தா சில்லுன்னு இருக்கு."