கை நடுக்கமா, சுக்கான் நடுக்கமா

என் மனைவி பல் செட் செய்பவள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் செய்து கொடுத்ததுதான். யாராவது வாயைத் திறந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், கடைவாயைப் பார்ப்பாள். எங்கள் கல்யாணப் பேச்சின்போதும் என் பல்லைத்தான் பார்த்தாளாம். பிறகு அவளே சொன்னாள். எதற்காவது காரணம் தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஃப்ரிட்ஜ் ஏன் மத்தியானம் மட்டும் முனகுகிறது என்று ஒரு வாரம் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்.

அவளுக்கும் அவள் அக்காவுக்கும் பொதுவாக ஒரு பாய்மரப் படகு உண்டு. எட்டு மீட்டர் நீளம், எங்கள் மகளைவிட வயதில் மூத்தது. சுக்கான் பிடிப்பது எப்போதும் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பாயை இழுப்பது இவள். நான் கரையில் பைகளுக்குக் காவல். எனக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம்.

போன வருஷக் கடைசியில் அண்ணி திடீரென்று படகுக்கு வரமாட்டேன் என்றார். கேட்டால் முதுகு வலி, வெயில், வீட்டு வேலை என்று நாளுக்கொரு சாக்கு. இவள் விடுவாளா? ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தே மடக்கினாள்.

"என் கை நடுங்குதுடி," என்றார் அண்ணி. "சுக்கானைப் பிடிச்சா நடுங்குது. வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் நிக்க மாட்டேங்குது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?"

அவர்களுடைய அம்மா கடைசி எட்டு வருஷம் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தவர். இவள் கேட்டாள்: "கை நடுங்கி சுக்கான் ஆடுதா, சுக்கான் ஆடி கை நடுங்குதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அது எப்படிக்கா ஒண்ணாகும்?"

மறுநாளே படகைக் கரையேற்றச் சொல்லிவிட்டாள். அது முட்டுக்கட்டைகளில் நின்றதும், சுக்கான் பலகையின் அடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். டொக், டொக் என்றது. ஆடுகிற பல்லைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவள் முகத்தில். சுக்கானின் தண்டு படகின் அடியிலிருந்து ஒரு குழாய்க்குள் நுழைந்து மேலே வருகிறது. குழாயின் இரண்டு முனையிலும் தண்டைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு புஷ். அது தேய்ந்தால் தண்டு ஆடும். அந்த ஆட்டம் கைப்பிடிக் கட்டை வழியாகப் பிடித்தவர் கைக்கு வரும்.

"பாத்தியா, படகுதான்! அண்ணிக்கு ஃபோன் போடு," என்றேன்.

"ஒரு காரணம் கிடைச்சா அதுதான் காரணமா? இதை மாத்தி, துளி ஆட்டம் இல்லாம பண்ணி, அப்புறம் அக்கா பிடிக்கணும். அப்பதான் தெரியும்."

"தெரியாமலே இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிடுமோ என்று எனக்குப் பயம். நிஜமாகவே பயம். அவள் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள். சுக்கானைக் கழற்ற வேண்டுமென்றால் தண்டு முழுக்கக் கீழே இறங்க வேண்டும், அதற்குத் தரையில் பள்ளம் வேண்டும். இடுப்பளவு தோண்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் "யாருக்குங்க குழி?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பழைய புஷ்ஷுக்குள் அவள் அச்செடுக்கும் பசையை அப்பி, இறுகியதும் உருவிப் பார்த்தாள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. லேத் பட்டறைக்காரர் தண்டையும் குழாயையும் அளந்து, நைலானில் இரண்டு புதுப் புஷ் கடைந்து கொடுத்தார். "காத்துகூடப் புகாது," என்று பெருமை வேறு. மாட்டிப் பார்த்தால் தண்டு முக்கி முக்கித்தான் திரும்பியது. "உள்ள சுத்தி உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க," என்றார்.

இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பல் செட் இடித்தால் முழுவதையுமா ராவுவார்கள்? நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார்கள். அதே தாளைத் தண்டில் சுற்றி, திருப்பி, நீலம் பட்ட இடத்தை மட்டும் சுரண்டினாள். மூன்று நாள், இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் குழிக்குள் நின்று சுக்கானை ஏற்றி இறக்கியது நானும் பட்டறைக்காரரும். கடைசியில் ஒரு விரலால் தள்ளினால் திரும்பியது. ஆட்டமும் இல்லை.

அங்கேதான் தொழில் பழக்கம் காலை வாரியது. செய்து முடித்த பல் செட்டை, ஆள் வந்து வாங்கும்வரை அவள் தண்ணீரில் போட்டு வைப்பாள். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்வரை இருக்கட்டும் என்று புஷ்களையும் அதேபோல் டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்துப் போனால் புஷ் குழாய்க்குள்ளேயே நுழையவில்லை. நைலான் தண்ணீர் குடித்து உப்பியிருந்தது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவளோ புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லதாப் போச்சுங்க. அப்படியே மாட்டியிருந்தா கடலுக்குள்ள போய் உப்பி, தண்டைக் கவ்விப் பிடிச்சிருக்கும்." ஊறிய அளவுதான் சரியான அளவு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நீலத் தாள், சுரண்டல், குழி. என் முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

படகு தண்ணீரில் இறங்கிய அன்று, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர் மாதிரி கைப்பையை அணைத்துக்கொண்டு அண்ணி வந்தார். நானும் ஏறினேன், அன்றைக்குக் கரையில் நிற்க மனம் வரவில்லை. துறைமுகத்தைத் தாண்டியதும் முதலில் இவள் கட்டையைப் பிடித்தாள். அசைவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னாள். என் கையிலும் அசைவில்லை. பிறகு அண்ணி.

மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு கட்டைவிரல் மெல்ல ஆடத் தொடங்கியது. டொக் சத்தம் இல்லை. சுக்கான் கல்லாக நின்றது. கைதான் நடுங்கியது.

"நான் சும்மா இருந்திருக்கலாம்க்கா," என்று இவள் அழுதுவிட்டாள். இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கோபமும் வந்தது.

அண்ணி கையை எடுக்கவில்லை. "அழுகையை நிறுத்திட்டு பின்னால பாரு. நான் பிடிச்சப்புறமும் படகு வந்த தடம் நேரா இருக்கா?"

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். துறைமுக வாய்வரை தண்ணீரில் வெள்ளைத் தடம் ஒரே கோடாகக் கிடந்தது.

"நேராத்தான்க்கா இருக்கு."

"ஆறு மாசமா எது ஆடுதுன்னே தெரியாம தூக்கம் போச்சுடி எனக்கு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். நீயும் வரணும், கேள்வி கேக்க உன்னை விட்டா ஆள் கிடையாது," என்றார் அண்ணி. "இப்ப பாயை இழு. காத்து வீணாப் போகுது."