கடைக்காரர் என்ன சாப்பிடுகிறார்? லஸ் முதல் கொட்டிவாக்கம் வரை

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50. ஃபஜர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். சேகரின் ஆட்டோ சொன்னபடி வாசலில் நின்றது. மயிலாப்பூரில் கிளம்பி ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், கோட்டூர்புரம், அடையாறு வழியாகக் கொட்டிவாக்கம் கடற்கரை வரை போய்த் திரும்ப அறுநூறு ரூபாய் பேசியிருந்தேன். வேறு யார் பேசினாலும் எண்ணூறுக்குக் குறைந்திருக்காது.

"நடுவுல குந்து பாய். ஓரமா குந்துனா வண்டி சாயுது," என்றான் சேகர்.

நடுவில்தான் உட்கார்ந்தேன்.

நான் சிங்கப்பூர் பார்த்தவன், துபாய் பார்த்தவன், அஜ்மீருக்கு இரண்டு முறை போனவன். அந்த ஊர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காலைச் சாப்பாடு ஒன்றைத் தேடி ஊருக்குள்ளேயே பயணம் போனவன் நானாகத்தான் இருப்பேன். தாம்பரத்திலும் ஆவடியிலும் இருந்துகொண்டு இந்தப் பக்கம் வர நேரமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது அறுபத்தேழு. படிப்பு ஐந்தாவது. ராயப்பேட்டைப் பட்டறை ஒன்றில் பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கச் சேர்ந்தேன். இன்று சொந்தப் பட்டறையும் தி.நகரில் ஷோரூமும் இருக்கின்றன. எல்லோருக்கும் நான் பீரோ பாய். ஆறரை அடி பீரோவை இன்னொருவன் கை படாமல் மூன்று மாடி ஏற்றியிருக்கிறேன். இத்தனை வயதில் தினமும் விழுங்குகிற மாத்திரை என்று ஒன்று எனக்குக் கிடையாது. ஜமாஅத்தில் என் வயசுக்காரர்கள் மாத்திரைப் பெயர்களைச் சொல்லிப் பேசிக்கொள்ளும்போது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் என்னை எடை பார்த்தார், தொண்ணூற்றொரு கிலோ. சர்க்கரையும் எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. "மூணு மாசத்துல மூணு கிலோ குறைச்சுட்டு வாங்க. இல்லேன்னா தினம் மாத்திரை," என்றார். திரும்பி வரும் வழியிலேயே என் மனைவி ஜுலைகா மெடிக்கல் ஷாப்பில் இறங்கி, ஏழு மூடி போட்ட நீல டப்பா ஒன்றை வாங்கினாள். கிழமைக்கு ஒரு மூடி. அவள் பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள்.

"எதுக்கு இது?" என்றேன்.

"எங்க மாத்திரைக் கட்சிக்குப் புதுசா ஆள் வரப் போவுது. சீட்டு போட்டு வெக்கிறேன்," என்றாள்.

இரண்டு மாதம் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், நடந்தேன். எடை அரைக் கிலோ ஏறியது. மெஷின் சரியில்லை என்றேன். ஜுலைகா அதே மெஷினில் ஏறி நின்றாள். அவளுடைய பழைய எடை கிராம் மாறாமல் வந்தது.

மீதி இருப்பது ஒரு மாதம். கோளாறு காலைச் சாப்பாட்டில்தான் என்று எனக்குப் பட்டது. வயிறு நிறைய வேண்டும், மதியத் தொழுகை லுஹர் வரை பசிக்கக் கூடாது, எடை ஏறக் கூடாது. அப்படி ஒரு டிபனைப் பிடித்துவிட்டால் மாதம் முழுக்க அதையே சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

எப்படிப் பிடிப்பது? எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. பீரோ வாங்கப் போனால் விலை கேட்காதே. முதலாளி வீட்டில் என்ன பீரோ இருக்கிறது என்று கேள். அதுதான் நல்ல சரக்கு. சாப்பாட்டுக்கும் அதே பாடம்தான். ஒவ்வொரு கடையிலும், "நீங்கள் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டியது. ஆனால் வாங்காமல் கேட்டால் எந்த வியாபாரியும் உண்மை பேச மாட்டான். அதனால் கடைக்கு ஒரு சாம்பிள் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

6.05. லஸ் பூங்கா வாசல். உள்ளே நடப்பவர்களைவிட வாசலில் குடிப்பவர்கள் அதிகம். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய் எல்லாம் சில்வர் கேன்களில் இருந்தன. ஒரு டம்ளர் முப்பது ரூபாய். அருகம்புல் வாங்கினேன். மழைக்கால மைதானத்தின் வாசம். நல்லதுதான், முகம் மட்டும் கோணும். கேன்காரரிடம் என் கேள்வியைக் கேட்டேன்.

"நானா? ஏழரைக்கு மாட வீதி மெஸ்ல பொங்கல், வடை. நாலு மணிலேர்ந்து இந்தப் புல்லுலயே நிக்கிறேன். இதையே குடிக்கவும் சொன்னா நான் இன்னா மாடா?"

சேகர் சிரித்த சிரிப்பில் அவன் டம்ளர் தளும்பியது. அவனுக்கும் ஒன்று வாங்கித் தந்திருந்தேன். ஒல்லிக் குச்சி, எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு.

6.40. மாட வீதி. அவர் சொன்ன மெஸ்ஸுக்கே போனோம். லஸ்ஸிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இராது. பூங்காவில் மூச்சு வாங்க நடந்த கூட்டம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று சுற்று நடந்த களைப்புக்கு ஒரு பொங்கல், புல் ஜூஸின் கசப்புக்கு ஒரு காபி. இந்த ஊர் வழக்கம் அப்படி. பொங்கல் எழுபது ரூபாய். நெய் இலையின் ஓரம் வரை நடந்து வந்தது. சாம்பிள்தானே என்று ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு வடை.

கல்லாவில் நெற்றி நிறைய விபூதியோடு இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"நான் இங்க ஒண்ணும் தொடறதில்லை," என்று குரலைத் தாழ்த்தினார். மேஜைக்குக் கீழே இருந்த தூக்குப் பாத்திரத்தைக் காட்டினார். "ஆத்துலேர்ந்து கேழ்வரகுக் கஞ்சி கொண்டுண்டு வந்துடுவேன். இருபது வருஷமா நெய் வாசனையிலயே உக்காண்டிருக்கேன். மூக்கு வழியாவே ரெண்டு பொங்கல் உள்ள போயிடறது."

"கஞ்சி நல்லா கீதா சாமி?" என்றான் சேகர்.

"நன்னா இருக்குன்னு யார் சொன்னா? கார்த்தால ஒரு பொங்கல் வந்து போறதைப் பார்த்துண்டே குடிச்சா உள்ள எறங்கிடும்."

கேழ்வரகு என்று மனதில் குறித்துக்கொண்டேன். துப்புத் துலங்குவதுபோல இருந்தது.

7.30. ஆழ்வார்பேட்டை. இரண்டு கிலோமீட்டர். சிறுதானியத்துக்கென்றே திறந்திருக்கும் கண்ணாடிக் கடை. கேழ்வரகு இருக்கும் என்று சேகர்தான் நிறுத்தினான். உள்ளே ஏசி, மண் நிறத்தில் தட்டு. கேழ்வரகு தோசை நூற்றுத் தொண்ணூறு ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் பட்டறையில் பீரோவுக்கு ஒரு கைப்பிடியே வாங்கிவிடலாம். தோசை நன்றாகத்தான் இருந்தது. மேலே உருகிய வெண்ணெயும் நன்றாகத்தான் இருந்தது. கடையை நடத்துவது ஒரு சின்னப் பெண். மரியாதை தெரிந்த பிள்ளை.

"நான் பிரேக்ஃபாஸ்ட்டே சாப்பிடறதில்லை அங்கிள். பதினாறு மணி நேரம் ஃபாஸ்டிங். பிளாக் காபி மட்டும்தான்."

"நோன்பா?"

"அந்த மாதிரிதான்."

"எங்க வீட்டுலயும் நோன்பு உண்டும்மா. ஆனா நாங்ககூட விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஸஹர் சாப்பிட்டுட்டுத்தான் நோன்பு வெப்போம். நீ அதையும் விட்டுட்டியே?"

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு எனக்குத் தேங்காய்ச் சட்னி இன்னும் கொஞ்சம் வைத்தாள். மறுக்கவில்லை.

8.25. தி.நகர், பனகல் பூங்கா பக்கம். மூன்றரைக் கிலோமீட்டர். இது என் ராஜ்ஜியம். இங்கே என் பீரோ நிற்காத தெரு கிடையாது. புடவைக் கடைகள் இன்னும் ஷட்டர் தூக்கவில்லை. பூக்காரர்கள் மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிய இட்லிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் இருப்பதும் என் பீரோதான். பதினெட்டு வருடமாகிறது, கீல் இன்னும் முனகவில்லை. அதைச் சொன்னதும் முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கேட்காமலே நெய்ப் பொடி இட்லி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். இலவசமாக வந்ததைத் திருப்பினால் மனிதருக்கு மனசு நோகும்.

"நீங்க காலையில இட்லிதானே?" என்றேன். வெந்த பண்டம், லேசானது, இதுதான் விடையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எங்க பாய். மாவுப் புளிப்பு எனக்கு ஆவாது. எதிர்ல டீக்கடையில ரெண்டு பன்னு, ஒரு டீ. வீட்டுல சொல்லிடாதீங்க."

ஆட்டோவில் ஏறும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பாய், இதுவரைக்கும் நாலு டிபன் ஆயிப்போச்சு," என்றான் சேகர்.

"டிபன் இல்லடா. சாம்பிள்."

"சரி நைனா. உன் வயித்துக்கு அது தெரியுமா?"

ஓட்டுகிறவனிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது.

9.00. கோட்டூர்புரம் பாலம். கீழே அடையாறு ஆறு. நாற்றத்தை மறந்து பார்த்தால் அழகு. அந்தப் பக்கம் பெரிய நூலகம். உள்ளே இருக்கும் இங்கிலீஷ் புத்தகங்களை என்னால் படிக்க முடியாது. ஆனால் அலமாரியைத் தட்டிப் பார்த்து, தகடு எத்தனை கேஜ் கனம் என்று சொல்லிவிடுவேன். அடையாறு சிக்னலில் மூன்று நிமிடம் நின்றோம். எங்கிருந்தோ வெங்காய பஜ்ஜி வாசம் வந்தது. சேகர் திரும்பி என்னைப் பார்த்தான். நான் நேராக சிக்னலைப் பார்த்தேன்.

9.30. கொட்டிவாக்கம் கடற்கரை. காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு மணலோரம் ஒரு அம்மா கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு சொம்பு நாற்பது ரூபாய்; மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொள்ள. என் பயணத்தின் கடைசி நம்பிக்கை இது. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குடித்தேன். அமிர்தம். குடித்து முடித்துவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க காலையில இதானே குடிப்பீங்க?"

"யாரு, நானா? தெனம் இதையே கிண்டிக்கினு கீறேன். இதையே துன்னு துன்னு சாவவா? ரெண்டு இட்லி கடையில வாங்கியாந்து துன்னுவேன். சூடா, கெட்டிச் சட்னியோட."

சேகர் மணலில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனால் நிற்க முடியவில்லை. புல் விற்கிறவர் பொங்கல், பொங்கல் விற்கிறவர் கஞ்சி, இட்லி விற்கிறவர் பன், கூழ் விற்கிறவர் இட்லி. ஊரே ஒருவர் கடையை விட்டு இன்னொருவர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் பாடம் பீரோவுக்குத்தான் பொருந்தும், சாப்பாட்டுக்கு உதவவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். முக்காலியும் என்னோடு எழுந்தது. சேகரும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து எங்களைப் பிரித்தார்கள். மூன்று மாடி பீரோ தூக்கியவன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியிடம் மாட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் வயிறு தரையைத் தட்டியது. தட்டும்போதெல்லாம் சேகர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டான். ஒரு மாதம்தான் இருக்கிறது. நீல டப்பாவின் ஏழு மூடிகளும் கண் முன்னால் திறந்து திறந்து மூடின.

10.20. மயிலாப்பூர், வீடு. அடுப்படியில் ஜுலைகா தோசைக்கல்லின் முன் நின்றிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"எத்தனை கடை சாப்பிட்டீங்க?"

"சாப்பிடல. சாம்பிள் பார்த்தேன்."

"வயிறு முன்னாடி வந்துச்சு, நீங்க பின்னாடி வர்றீங்க. சாம்பிளாம்."

காலையிலிருந்து கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிப்போயிருந்தது. அவளிடமும் கேட்டுவிட்டேன். "நீ காலையில என்ன சாப்பிடுவே?"

கரண்டி நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது வருஷம் கழிச்சு நல்ல கேள்விதான் கேக்குறீங்க."

அவள் சொல்வதும் சரிதான். விடியற்காலையில் தொழுதுவிட்டு அப்படியே பட்டறைக்குப் போகிறவன் நான், டிபன் கடையில். அவள் பத்தரைக்குத் தனியாக உட்காருகிறவள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவையும் காய்ச்சல் நாட்கள்.

தட்டைக் காட்டினாள். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஒன்று. அவித்த முட்டை ஒன்று. வெந்த பச்சைப்பயறு ஒரு கை, மேலே நறுக்கிய வெங்காயம். ஒரு டம்ளர் மோர்.

"இவ்வளவுதானா? பசிக்காது?"

"ரெண்டு மணி வரைக்கும் அடுப்பு பக்கமே வர மாட்டேன்."

"எனக்கும் ஒரு வாய்..."

"இன்னைக்கா? கொட்டிவாக்கம் வரைக்கும் மேய்ஞ்சுட்டு வந்த பிறகா? நாளைக்கு வாங்க. பத்தரைக்கு. அதுவரைக்கும் ஒரு டீ, சக்கரை இல்லாம. வழியில சாம்பிள் கிடையாது."

ஒரு மாதம் அப்படியே நடந்தது. பட்டறையிலிருந்து தினமும் பத்தேகாலுக்குக் கிளம்பி வீட்டுக்கு வந்தேன். முதல் வாரம் பத்து மணிக்கே வயிறு ஆலை மாதிரி சத்தம் போட்டது. வெல்டிங் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் அது அடங்கியது. ஜுலைகா சாப்பிடும்போது பேசுவாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெருக் கதை முழுக்க அவள் தட்டுக்கு வந்துவிடும். அவள் ஒரு அடையைத் தின்று முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். இரண்டாவது அடை கேட்கலாம் என்று நினைக்கும்போதே வயிறு போதும் என்று சொல்லிவிடும்.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். எண்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். நான் விடவில்லை. "நானூறு கிராமுக்காகப் பழைய வாடிக்கைக்காரனைத் திருப்பி அனுப்புவீங்களா டாக்டர்?" என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கியிருக்கு. இப்போதைக்கு மாத்திரை வேணாம். மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றார். சர்க்கரைதான் காரணம் என்பாள் ஜுலைகா. பேரம்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது விமானத்தின் ஜன்னலில் ஊர் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தேன். கொட்டிவாக்கத்திலிருந்து திரும்பியபோது பார்க்க ஜன்னல் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு அறுநூறு ரூபாய் அதிகமில்லை. ஐந்து கடைகளில் கேட்காமல் போயிருந்தால் ஆறாவதாக வீட்டில் கேட்டிருக்க மாட்டேன். போகிறவர்கள் போய்ப் பாருங்கள். லஸ்ஸில் ஜூஸ், மாட வீதியில் பொங்கல், கொட்டிவாக்கத்தில் கூழ். எல்லாமே முதல் தரம். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்.

நீல டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்னேன். ஜுலைகா கேட்கவில்லை. துடைத்து, எங்கள் வீட்டுப் பீரோவின் லாக்கரில், நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். நான் செய்த பீரோ, நான் பொருத்திய பூட்டு. எந்தத் திருடனாலும் திறக்க முடியாது. சாவி அவள் இடுப்பில்.