சாந்தி மேடம் எந்தத் துறை?

கல்லூரி நூலகர் என்றால் ஏசியில் உட்கார்ந்து புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. 'ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளைத் துறைவாரியாகப் பிரித்துத் தரவும்' என்ற சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த சக நூலகர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சந்தா கட்டிய இடம்

வேலப்பன்சாவடியில் எங்கள் பொறியியல் கல்லூரி. சிவில் துறை சாந்தி மேடம், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டியாக விண்ணப்பித்திருந்தார். சிவிலில் மூன்று கட்டுரையாவது வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இரண்டு முறை அந்த வாய்ப்பு கை நழுவிப் போயிருந்தது. சேர்ந்தால் அவரிடம்தான் சேருவேன் என்று ஒரு மாணவி வேறு காத்திருந்தாள். இந்த முறையும் இல்லையென்றால் அவள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவாள்.

கல்லூரி சந்தா கட்டும் தரவுத்தளத்தில் தேடினேன். அங்கே கட்டுரையைப் பார்ப்பதில்லை. அது வெளிவந்த இதழுக்கு என்ன துறையோ, கட்டுரைக்கும் அதேதான். மேடத்தின் ஐந்து கட்டுரைகளில் இரண்டுதான் சிவில், மற்ற மூன்றும் வேதியியல். விஷயத்தைச் சொன்னதும் மேடம் கேட்டார்: "பூந்தமல்லின்னு போர்டு போட்ட பஸ்ல ஏறினவங்க எல்லாரும் பூந்தமல்லிக்கா சார் போறாங்க? நான் தினம் வானகரத்துல ஏறி இங்க இறங்கலையா?"

இலவச இடம்

சந்தா கேட்காத திறந்த தளம் ஒன்று இருக்கிறது. அங்கே இதழைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் கணினியே படித்துத் துறை போடும். நியாயம் கிடைக்கப்போகிறது என்று ஆசையாகத் திறந்தேன். கொட்டாங்குச்சி சேர்த்த கான்கிரீட் வேளாண்மைக்குப் போயிருந்தது. ஏரி வண்டலில் செய்த செங்கல் மீன்வளத்தில் இருந்தது. வெயிலில் சாலை விரிவதைப் பற்றிய கட்டுரை வானிலையாகிவிட்டது. இங்கேயும் இரண்டுதான் சிவில், அதுவும் வேறு இரண்டு. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த நூலக உதவியாளர் முனுசாமி கேட்டார்: "இன்னா சார், மேடம் கட்ற ஊட்டுக்குள்ள மீன் வளக்கப் போறாங்களா?"

முதல்வரின் யோசனை

இரண்டு பட்டியல்களையும் முதல்வரிடம் கொண்டுபோனேன். அவர் மெக்கானிக்கல்காரர், எதிலும் கச்சிதம். "ரெண்டு தளமும் ஒத்துப்போற கட்டுரையை மட்டும் எடுங்க, அதான் பாதுகாப்பு" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒத்துப்போனது ஒன்றுகூட இல்லை. ஐந்து கட்டுரை எழுதிய சிவில் பேராசிரியை, என் எக்செல் தாளில் சிவிலே தெரியாதவர். அதை அவரிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிடறேன் சார். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றார்.

இரண்டாம் பக்கம்

அந்தப் 'பாவம்' என்னைச் சும்மா விடவில்லை. வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு முதல்வர்தான் தலைவர். மேடத்தின் பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு பக்கத்தைச் சேர்த்தேன். 'விதியைச் சரிபார்க்க ஒரு மாதிரி' என்று தலைப்புக் கொடுத்து, அதே விதிப்படி முதல்வரின் சொந்தக் கட்டுரைகளைப் பிரித்திருந்தேன். மெக்கானிக்கலில் இரண்டு தளமும் ஒத்துப்போனவை பூஜ்யம். துளையிடும் இயந்திரத்தின் அதிர்வைப் பற்றி அவர் எழுதியதைத் திறந்த தளம் பல் மருத்துவத்தில் வைத்திருந்தது.

குழு கூடிய அன்று முதல்வர் அந்தப் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். மற்ற இரண்டு உறுப்பினர்களும் அதை எட்டிப் பார்த்தார்கள். வேலைக்கே வேட்டு வைத்துக்கொண்டோமோ என்று நினைத்தேன். முதல்வர் சொன்னார்: "மேடத்தோட கட்டுரை அஞ்சையும் கொண்டாங்க. படிச்சே பார்த்துடலாம்."

சாயங்காலம் சாந்தி மேடம் வழிகாட்டியாகிவிட்டார். படிக்காமல் துறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஆனது மூன்று வாரம், படித்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஆனது ஒரு மதியம்.