மூட முடியாத பாதை

பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கண்டக்டரம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் மலைப்பாதைகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு மண்வெட்டி எடுத்துக் கிளம்பிவிடுவார். "வீட்டுல துரும்பைக் கிள்ளிப் போடமாட்டா, காட்டுல மண்ணு சுமக்குறா!" என்பார் கணவர்.

மண் அரித்துப்போன பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றை மூடி, அதன்மேல் மரக்கன்றுகள் நட்டார்கள். அடுத்த வாரம் பாதை திறந்து கிடந்தது. ஒரு கன்றுகூட ஒடியவில்லை. எல்லாம் வேரோடு எடுக்கப்பட்டு, இருபுறமும் நடப்பட்டு, தண்ணீரும் ஊற்றப்பட்டிருந்தது. ஈரமண்ணில் காலடித் தடமே இல்லை.

"எவனோ விளையாடுறான்" என்றார் குழுத் தலைவரான தச்சர். மறுபடி நட்டார்கள், மறுபடியும் அதே கதை.

மூன்றாம் முறை நட்டுவிட்டு எல்லோரும் இறங்க, கண்டக்டரம்மா மட்டும் பாதையிலேயே உட்கார்ந்தார். நல்ல வெயில். பறவைகள் சட்டென்று அடங்கின. மேலேயிருந்து சருகுகள் மிதிபடும் சத்தம் இறங்கி வந்தது, ஆள் யாருமில்லை. சத்தம் அவர் எதிரே வந்து நின்றது. அவர் எழுந்து ஓரமாக ஒதுங்கினார்.

"போங்க, வழி இருக்கு."

சருகுச் சத்தம் அவரைக் கடந்து கீழே போனது.

"ஓரத்துலயே நடுவோம் அண்ணே" என்றார், கீழே இறங்கி வந்து தச்சரிடம். கண்டக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் கன்றுகளை இருபுறமும் மாற்றி நட்டார்கள். கன்றுகள் இப்போது ஆள் உயரம். நடுவில் புல்கூட முளைப்பதில்லை.