ஜெயராணி தட்டச்சு செய்யாமல் நிறுத்திய சொல்

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்கு எதிரே ஜெயராணியின் ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு படிப்பை விட்டவர். ஆனாலும் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழில் எழுதிக்கொடுக்க அவரைத்தான் தேடி வருவார்கள். பொருள் பிடிபடாத சொல்லை உத்தேசமாகத் தட்டிவிட மாட்டார், வக்கீல் குமாஸ்தா வந்து எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

ராஜாமணி தன் கணவரின் அண்ணன் ஆரோக்கியராஜோடு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கப்பலில் சமையல் வேலை பார்த்த கணவர் லூர்துசாமி, இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் மூழ்கி இறந்து எட்டு மாதமாகிறது. விசாரணைத் தீர்ப்பு இப்போதுதான் வந்தது. ஆரோக்கியராஜ் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, 'தானாகவே தண்ணீரில் இறங்கினார்' என்ற வரியைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து ராஜாமணிக்கு ஒரே கேள்விதான். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவர், சொல்லாமல் தன்னை விட்டுப்போக நினைத்தாரா?

ஜெயராணி அந்தத் தீர்ப்பைத் தமிழில் மளமளவென்று தட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் கை நின்றது. 'மிஸ்அட்வென்ச்சர்'.

"விபத்துன்னு போட்டு முடிம்மா. தம்பி பண்ணது எங்களுக்குத் தெரியாதா," என்றார் ஆரோக்கியராஜ்.

"விபத்துக்கு அவுங்ககிட்ட ஆக்சிடென்ட்டுன்னு வேற வார்த்தை இருக்குதுண்ணே. இத ஏன் போட்டாங்கன்னு தெரியாம அடிக்க மாட்டேன்."

"கலெக்டரம்மா கெட்டாங்க போ," என்று கேலி செய்தார் ஆரோக்கியராஜ்.

ஜெயராணி போனில் தேடினால் 'துரதிர்ஷ்டம்' என்று வந்தது. அவருக்கு அது போதவில்லை. மஞ்சக்குப்பம் நூலகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனார். முன்பின் தெரியாத ஒருவரின் சாவுக்காக வெயிலில் போகும் அந்த அம்மாளை ராஜாமணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, சட்ட அகராதியிலிருந்து எழுதிக்கொண்ட சீட்டோடு ஜெயராணி திரும்பி வந்தார்.

"பழைய பிரெஞ்சுலேருந்து வந்ததாம். ஒண்ணு நேர்றது, அது கெட்டதா முடியறது, அதான் அர்த்தம். அந்த ஊர் சட்டத்துல, ஒருத்தரு தெரிஞ்சே ஒரு காரியம் செய்யறாரு, தப்பான காரியமும் இல்ல, சாவணும்னு நெனப்பும் இல்ல. அதுலயே உசுரு போயிடுச்சுன்னா இப்படிப் போடுவாங்க. தற்கொலைன்னா அத வேறயா எழுதுவாங்க."

"அப்ப தானா எறங்கினான்னு போட்டுருக்கே?"

"நீந்த எறங்கினாலும் தானாத்தான எறங்கணும்ணே."

"லீவு நாள்ல அவரு நீந்தப் போவாரு, மாமா," என்றாள் ராஜாமணி. "தண்ணி பனிக்கட்டி மாரி இருக்குதுன்னு போன்ல சொல்லுவாரு. நான்தான் சிரிச்சிருக்கேன்."

ஜெயராணி உட்கார்ந்து தட்டினார்: 'விரும்பிச் செய்த செயல், எண்ணாத மரணத்தில் முடிந்தது.' வாய்விட்டு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

ஆரோக்கியராஜ் காகிதத்தை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"இன்னொரு காப்பி எடும்மா," என்றார். "அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அதுகிட்ட நான் வேற மாரி சொல்லிட்டேன்."