ரயில் வரட்டும்

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் படம் பிடிக்கும் பெட்டியையும் ஒரு டஜன் கண்ணாடித் தகடுகளையும் வாங்கியபோது, பதுளையில் படக்கடை வைக்கப்போகிறேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆறு வருஷம் போயிற்று. ஒரு படம்கூட எடுக்கவில்லை. இருக்கும் தகடுகள் தீர்ந்தால், கொழும்பு ரயில் பண்டாரவளை வரைதான்; புதியவை அங்கிருந்து மாட்டுவண்டியில்தான் வர வேண்டும். அந்தக் குண்டும் குழியுமான மலைப்பாதையில் கண்ணாடி மிஞ்சுமா? பதுளைக்கு ரயில் வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்றிருந்தேன். யாரும் மறுத்துப் பேச முடியாத சாக்கு, சுகமாக இருந்தது.

நான் இருந்தது அண்ணனுடைய துணிக்கடையில். காலையில் கடை திறக்கும்போதே அண்ணன் கேட்பார்: "என்னடா, ரயில் வந்துருச்சா?" சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

ஒருநாள் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, தன் கைக்குழந்தைக்குச் சட்டைத்துணி வாங்க வந்தாள். அலமாரி மேலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என் மகள ஒரு படம் புடிச்சுத் தாங்க. எங்கம்மா திருச்சிப் பக்கம் இருக்காங்க. கண்ணுல காட்டணும்."

"ரயில் வரட்டும்மா."

"ரயில் வர்ற வரைக்கும் எங்கம்மா இருக்கணுமேங்க."

அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கினேன். குழந்தையை வாசல் வெயிலில் உட்காரவைத்து எடுத்தேன். பின்னறையை இருட்டாக்கிக் கழுவிப் பார்த்தால் தகடு முழுக்கப் புகைமூட்டம். இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படியே. மிச்சத்தையும் கழுவிப் பார்த்தேன். மலை ஈரத்தில் பன்னிரண்டும் எப்போதோ கெட்டுப்போயிருந்தன. பத்திரப்படுத்துகிறேன் என்று நானே பாழாக்கியிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னபோது வந்த வெட்கம் இன்றும் போகவில்லை. அவள் கோபப்படவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "சரிங்க" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றே கொழும்புக்கு எழுதிப் போட்டேன். சரக்கு வந்ததும் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு நானே போய், தகட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தேன். ஒவ்வொரு குழியிலும் உயிர் போய் வந்தது. கடையில் பிரித்துப் பார்த்தோம். உடைந்திருந்தவை இரண்டு. இரண்டே தகட்டுக்குப் பயந்தா ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளே மடுல்சீமைக்குப் போய், தோட்டத்து வரிசை வீடுகளில் அவளுடைய லயத்து வாசலில் குழந்தையைப் படம் எடுத்தேன். சில மாதம் கழித்து அவள் கடைக்கு வந்து, "படத்த எங்கம்மா தலைமாட்டுலயே வச்சிருக்காங்களாம்" என்றாள்.

வருஷங்கள் பல ஓடி, பதுளைக்கு ரயிலும் ஒருவழியாக வந்தது. முதல் வண்டியைப் பார்க்கக் கடைத்தெருவே ஸ்டேஷனுக்கு ஓடியது. தலை நரைத்துவிட்ட அண்ணன் என் படக்கடைக்குள் எட்டிப்பார்த்து, பழைய சிரிப்போடு கூப்பிட்டார்: "டேய், நெசமாவே ரயில் வந்துருச்சுடா! வா!"

நான் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க பாத்துட்டு வாங்கண்ணே. மடுல்சீமையில அந்தப் புள்ளைக்கு இன்னைக்குக் கல்யாணம். படம் புடிக்கப் போறேன்."