படவிழாவில் சுதர்மன் எழுந்து சொன்னது

ரெஞ்சு அயர்லாந்தில் நர்ஸ். அங்கிருந்தபடியே அப்பா சுதர்மன் பேரில் அவர் ஊர்ப் படவிழாவுக்குப் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அச்சா, தம்பானூர் போயி கழுத்துல மாட்டுற அட்டையை வாங்கிக்குங்க. ஒரு வாரத்துக்கு எந்தத் தியேட்டர்லயும் நுழையலாம்."

"எனக்கு எதுக்கு மோளே? அது தாடிக்காரங்க போற இடம்."

"நீங்களும் ரெண்டு மாசமா ஷேவ் பண்ணலன்னு எதிர்வீட்டு சேச்சி சொன்னாங்க. போயிட்டு வாங்க."

சுதர்மனுக்கு அறுபத்து மூன்று வயது. பேரூர்க்கடையில் தண்ணீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ஓட்டியவர். ஓணத்துக்கு ஒன்று, விஷுவுக்கு ஒன்று என்று மனைவி சுபாஷிணியோடு படம் பார்த்ததோடு சரி. அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. இரண்டரை வருஷம் கட்டிலில் கிடந்தாள். அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவள் ஜமீலா. தபால் ஆபீஸில் வேலை. வருஷா வருஷம் இந்த வாரத்துக்கென்றே லீவைச் சேர்த்து வைக்கிறவள். அவர் விழாப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"சேட்டா, அதைப் பையில வச்சிடுங்க. வரிசை எங்க நீளமா இருக்கோ அங்க நின்னா போதும்."

அப்படித்தான் நின்றார். முதல் படத்தில் ஒரு ஆள் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறினான். ஏறிக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் ஜமீலா டீக்கடையில் வாங்கிய பழம்பொரியை நீட்டி, "எப்படி?" என்றாள்.

"கழுதை நல்லா நடிச்சிருக்கு."

"ஐயோ, அது பெரிய பரிசு வாங்கின படம்!"

"கழுதைக்குக் குடுத்தாங்களா, அந்த ஆளுக்கா?"

மறுநாள் வேறொரு ஊர்ப் படம். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் உட்கார்ந்து முழுப்படமும் சண்டை போட்டார்கள். பின்னால் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. சுதர்மனுக்கு வசனம் எதுவும் மனதில் ஏறவில்லை. "ஒரு வாஷர் மாத்தியிருந்தா அந்தக் குடும்பம் உருப்பட்டிருக்கும்" என்றார். பின்வரிசைப் பையன்கள் கைதட்டினார்கள். அன்று சாயங்காலம் ரெஞ்சுவிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரித்துக் கேட்டு வெகுநாளாகிவிட்டது என்பது போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் ஒரு மலையாளப் படம். அதில் வந்த அம்மா எதற்கெடுத்தாலும் புன்னகைத்தாள். "இப்படி ஒரு அம்மாவை நான் எங்கயும் பார்த்ததில்ல. படம் எடுத்த பையன் ஹாஸ்டல்லயே வளர்ந்திருப்பான்" என்றார். ஜமீலா மறுக்கவில்லை.

நான்காம் நாள் காலைக் காட்சி ஜார்ஜியா நாட்டுப் படம். ஒரு மலைக்கிராமத்து வீடு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவி, அவளைப் பார்த்துக்கொள்ளும் கிழவன். அவ்வளவுதான் கதை. கிழவன் வெந்நீர் வைத்து அவள் தலையைக் கழுவுகிறான். கழுத்துக்கு அடியில் இடதுகையை முட்டுக் கொடுத்து, வலதுகையால் நீர் மொண்டு ஊற்றுகிறான். கை அப்படித்தான் வைக்க வேண்டும். சுதர்மன் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். பாதிப்பேர் எழுந்து போனதை அவர் கவனிக்கவில்லை.

படம் முடிகிற இடத்தில் கிழவன் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போகிறான். ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மறைகிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கண் விழிக்கிறான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உதட்டோரத்தில் லேசான சிரிப்பு.

விளக்குகள் எரிந்ததும் படம் எடுத்த பெண்மணி மேடையேறினாள். நாற்பது வயது இருக்கும். அவள் பேச்சை மலையாளத்தில் சொல்ல ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். யாரோ காமிராவைப் பற்றிக் கேட்டார்கள். யாரோ மௌனத்தைப் பற்றிக் கேட்டார்கள். சுதர்மன் எழுந்து நின்றது ஜமீலாவுக்கே ஆச்சரியம். மைக் அவர் கைக்கு வந்தது.

"நான் பம்ப் ஆபரேட்டர். படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா கடைசியில ஒரு தப்பு இருக்கு. படுத்துக் கிடக்கிறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். கூட இருக்கிறவன் அவ்வளவு நேரம் தூங்கக் கூடாது. தூங்கினா..."

மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தூங்கி எழுந்தா அவ அப்படிப் பார்த்துட்டு இருக்க மாட்டா."

மொழிபெயர்க்கும் பெண் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.  மேடையில் நின்றவள் அவரைப் பார்த்தே பேசினாள்.

"அந்த மனிதர் என் அப்பா. மூன்று வருஷம் அவர் சரியாகத் தூங்கவே இல்லை. தூங்கச் சொன்னால் கோபம் வரும். படத்திலாவது அவர் தூங்கட்டும் என்று வைத்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்."

சுதர்மன் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வேறு படம் எதற்கும் போகவில்லை. பஸ்ஸில் வழிநெடுக அவருக்கு ஒரே நினைப்பு. அவள் பொய் சொன்னது அப்பாவுக்காக. நான் சொன்ன பொய் யாருக்காக?

சுபாஷிணி போன அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் என்று பாயில் சாய்ந்தவர், விழித்தபோது ஐந்தரை. அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஓடிவந்த சொந்தக்காரர்களிடம், "என் கையால ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு கண்ணை மூடினா" என்று வாயில் வந்ததைச் சொன்னார். புண்ணியவதி, புருஷன் கையால் குடித்துவிட்டுப் போனாள் என்று எல்லோரும் அழுதார்கள். அதற்கப்புறம் அதை மாற்ற முடியவில்லை.

அன்று சாயங்காலம் ரெஞ்சு வழக்கம்போல, "இன்னிக்கு எந்தப் படம் அச்சா?" என்றாள். அவர் படத்தைச் சொன்னார். அதோடு இதையும் சொல்லிவிட்டார்.

 அவள் நர்ஸாகத்தான் கேட்டாள். "தொட்டீங்கல்ல? அம்மா கை சூடா இருந்ததா?"

"கொஞ்சம் இருந்தது."

"ஒரு வருஷமா இங்க எல்லார்கிட்டயும் அந்தத் தண்ணிக் கதையச் சொல்லிட்டிருக்கேன். அதை நெனச்சுத்தான் தூங்கவே போறேன். என்கிட்டயுமா அச்சா?"

போன் வைக்கப்பட்டது.

அடுத்த மூன்று நாளும் அவள் கூப்பிடவில்லை. அவர் படங்களுக்குப் போனார். ஒன்றில் யுத்தம் நடந்தது, ஒன்றில் யாரோ கப்பலேறினார்கள். ஜமீலா அபிப்பிராயம் கேட்கவில்லை. இடைவேளையில் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து, "பக்கத்துலதான் இருக்கேன் சேட்டா" என்றாள்.

விழா முடிந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது. ராத்திரி ட்யூட்டி முடிந்து பேசினாள், குரல் கரகரத்திருந்தது.

"எங்க வார்டுல நாங்க ஆறு பேர் மாத்தி மாத்திப் பார்க்கிறோம் அச்சா. அப்பவும் நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சிலர் போயிடறாங்க. தாள்ல நாங்க பார்த்த நேரத்தைத்தான் எழுதுவோம். போன நேரம் யாருக்கும் தெரியாது. நீங்க ஒருத்தர், ரெண்டரை வருஷம். அம்மா முதுகுல ஒரு புண்ணு வர விடல. தூங்கினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மறைச்சதுக்குக் கோபம் இருக்கு. அது போக நாளாகும்."

"இருக்கட்டும் மோளே. இருக்கணும்."

ஜனவரியில் சுபாஷிணியின் முதல் வருஷத் திதிக்கு ஆற்றில் பிண்ட பலி இடத் திருவல்லம் போனார்கள். ரெஞ்சுவும் வந்திருந்தாள். பலி முடிந்து ஆற்றங்கரையில் ஈரத்துணியோடு நிற்கையில், சுபாஷிணியின் அக்கா வழக்கம்போல அந்தத் தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தாள். சுதர்மன் கை உயர்த்தி நிறுத்தினார்.

"இல்ல சேச்சி. நான் தூங்கிட்டிருந்தேன். அவ தனியாத்தான் போனா."

அக்கா அவரை வெறித்துப் பார்த்தாள். அவள் அன்றைக்கு அவர்களோடு சாப்பிட வரவில்லை. இன்றுவரை அவர் வீட்டுப் படியேறவும் இல்லை. சுதர்மனுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அன்று அவர் துணி மாற்றியதும் ரெஞ்சு ஈர வேட்டியை வாங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அச்சா, பசிக்குது" என்று முன்னால் நடந்தாள். அவரும் பின்னால் போனார்.